பவனாசனன்: இரை எடுக்க மறுத்த பாம்பின் வரலாறு

பாம்புக்கு வடமொழியில் வழங்கும் பெயர்களுள் ‘பவனாசனன்’ என்பதும் ஒன்று. பவனம் என்பது காற்று. அசனம் என்பது உணவு. காற்றையே உண்டு வாழ்வது என்பது சொல்லின் பொருள். அமரசிம்மன் தொகுத்த அமரகோசம் பாம்பின் பெயர்களை அடுக்கிச் செல்லும் இடத்தில் இதுவும் வருகிறது. கண்ணையே காதாகக் கொண்டது என்னும் பொருளுடைய பெயரும் அதே அடுக்கில் உண்டு. தமிழில் அது ‘கட்செவி’ ஆயிற்று. இரண்டு பெயர்களும் பார்த்தறிந்ததன் விளைவுகள். பாம்புக்குப் புறச்செவி இல்லை என்பதைக் கண்டவர் கட்செவி என்றார். பாம்பு உண்ணாமல் கிடப்பதைக் கண்டவர் பவனாசனன் என்றார்.

ஆனால் இந்த இரண்டாம் பார்வை எங்கே நிகழ்ந்திருக்கும்? வயலிலும் வேலியோரத்திலும் பாம்பைக் கண்டு பழகிய உழவர் அதற்கு இப்படியொரு பெயரை இட்டிருக்க மாட்டார். எலியைத் துரத்தும் சாரையும் தவளையை விழுங்கும் நாகமும் ஊரார் கண்ணுக்குத் தப்புவதில்லை. வாரக்கணக்கில் கூடைக்குள் சுருண்டு கிடந்து, போட்ட எதையும் தொடாமல், ஆயினும் சாகாமல் இருந்த பாம்பைப் பார்த்தவர்களிடமிருந்தே இப்பெயர் பிறந்திருக்கக்கூடும். காற்றை மட்டும் உண்டு தவம் செய்யும் முனிவரைப் பற்றிப் புராணங்கள் பேசுகின்றன. அந்த முனிவருக்கும் கூடைப் பாம்புக்கும் ஒரே அடைமொழி கிடைத்தது தற்செயல் அன்று. இந்த ஊகம் சரியாயின், பவனாசனன் என்பது பாம்பின் பெயர் மட்டுமன்று. சிறைப்பட்ட பாம்பு இரை எடுக்க மறுத்ததன் மிகப் பழைய பதிவும் ஆகும்.

தமிழ் வழக்கு இதே உண்மையை வேறு வழியில் சொல்கிறது. தமிழில் பாம்பு உண்பதில்லை, ‘இரை எடுக்கிறது’. அண்மையில் எதையோ விழுங்கி அசையாமல் கிடக்கும் பாம்பைப் பார்த்து ‘இரை எடுத்திருக்கிறது’ என்று கிராமத்தார் இன்றும் சொல்வர். உண் என்னும் வினைக்கு ஊட்டு என்னும் பிறவினை உண்டு. தின் என்பதற்குத் தீற்று உண்டு. இரை எடு என்பதற்கு அத்தகைய இயல்பான பிறவினை இல்லை. மனிதர் தம் பங்குக்கு ‘இரை போடலாம்’, ‘இரை வைக்கலாம்’. எடுப்பது பாம்பின் செயல். ஆடு என்னும் வினையின் பிறவினையான ஆட்டு என்பதிலிருந்து ‘பாம்பாட்டி’ வந்தது. பாம்பை ஆட்டுவிப்பவருக்குப் பெயர் இருக்கிறது, பிடிப்பவருக்குப் பிடாரன் என்ற பெயர் இருக்கிறது. பாம்புக்கு ஊட்டுபவருக்கு மட்டும் பொதுவழக்கில் பெயர் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி மருத்துவ ஆய்வகங்களும் விலங்குக்காட்சிச்சாலைகளும் பெரும்பாடுபட்டு அறிந்துகொண்ட ஒரு செய்தி இந்த இலக்கணத்துக்குள் முன்பே அடங்கியிருந்தது.

ஊட்ட முடியாத உயிரினத்துக்கு ஊட்ட விரும்பிய மனிதர் கண்டுபிடித்த முதல் வழி பால். பெங்களூரின் பழைய பேட்டைகளில் அரசமரத்தடி மேடைகளில் நிற்கும் நாகரகற்களுக்கு நாகபஞ்சமியன்று பால் வார்ப்பது இன்றும் நடைபெறும் வழிபாடு. நகருக்கு வடக்கே காட்டி சுப்ரமண்யாவிலும், மேற்கு மலையடிவாரத்தில் குக்கே சுப்ரமண்யாவிலும் நாகவழிபாடு பெருந்தலச் சிறப்புப் பெற்றது. கன்னடத்தில் பாம்பு ‘ஹாவு’, பால் ‘ஹாலு’. பழங்கன்னடத்தில் இவை பாவு, பால் என்றே இருந்தன. சொல்முதல் பகரம் ஹகரமாகத் திரிந்தபோது இரண்டும் சேர்ந்தே திரிந்தன. வழிபாட்டில் இணைந்த இரு சொற்கள் ஒலிமாற்றத்திலும் ஒன்றையொன்று பிரியவில்லை.

இந்த வழிபாட்டின் உள்முரணை 12-ஆம் நூற்றாண்டிலேயே பசவண்ணர் தம் வசனமொன்றில் சுட்டிக்காட்டினார். கல்லில் செதுக்கிய நாகத்துக்குப் பால் வார்ப்பவர்கள் உயிருள்ள நாகத்தைக் கண்டால் அடிக்கச் சொல்கிறார்கள் என்பது அவர் குறை. உண்ணாத உருவத்துக்குப் படையல், பசித்து வந்த மனிதனுக்கு விரட்டல் என்று அவர் அதைச் சமூக விமர்சனமாக விரித்தார். கல்நாகத்துக்கு வார்த்த பாலால் தீங்கு ஏதும் இல்லை. தீங்கு உயிருள்ள நாகத்துக்கு வார்த்தபோது நேர்ந்தது. பால் பாலூட்டிகளின் உணவு. பாம்பின் உணவு அன்று. நாகபஞ்சமிக்குக் கொண்டுவரப்படும் பாம்புகளைப் பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, தாகத்தால் பாலில் வாய் வைக்கச் செய்வது பாம்பாட்டிகளிடையே இருந்த வழக்கம் என்று விலங்குநல அமைப்புகள் பலமுறை பதிவு செய்துள்ளன. அடியவர் கண்ணுக்கு அது நாகம் பாலருந்தும் காட்சி. பாம்புக்கு அது தாகம். இரை எடுக்காத பாம்பை இரை எடுத்ததாகக் காட்டும் இந்த ஏற்பாடு ஒருவகையில் கட்டாய ஊட்டலின் முன்வடிவம்.

உண்மையான கட்டாய ஊட்டல் ஆய்வகத்தில் தொடங்கிற்று. 1891-இல் சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெத், வெள்ளத்தால் ஊருக்குள் புகுந்த நாகங்களைக் கொண்டு நஞ்சாய்வைத் தொடங்கினார். 1890-களின் நடுப்பகுதியில் அவர் பாம்புக்கடிக்கான எதிர்நஞ்சுச் சீரத்தை உருவாக்கினார். சீரத்துக்குக் குதிரை வேண்டும். குதிரைக்கு நஞ்சு வேண்டும். நஞ்சுக்கு உயிருள்ள பாம்பு வேண்டும். இந்தச் சங்கிலியில் முதலில் அறுந்தது கடைசிக் கண்ணிதான். லீல் நகரின் பாஸ்டர் நிறுவனத்துக்கு ஆசியாவிலிருந்து சென்ற நாகங்கள் போட்ட இரையைத் தொடவில்லை. எனவே ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குழாய் வழியாக முட்டையைத் தொண்டைக்குள் இறக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. நஞ்சுகள் பற்றிக் கால்மெத் 1907-இல் வெளியிட்ட நூலில் இம்முறை நிழற்படங்களுடன் விளக்கப்பட்டுள்ளது.

நியூயார்க்கில் 1899-இல் திறக்கப்பட்ட பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச்சாலையின் நிலையும் இதுவே. அங்கே ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ரேமண்ட் டிட்மார்ஸ், உண்ண மறுத்த பெரிய மலைப்பாம்பைப் பலர் சேர்ந்து நீட்டிப் பிடித்துக்கொள்ள, கழியின் துணையால் இரையை உள்ளே தள்ளச் செய்தார். அதே சாலைக்கு வந்த ராஜநாகத்துக்கோ எலியும் வேண்டாம், முயலும் வேண்டாம், பாம்புதான் வேண்டும். அமெரிக்க நாட்டின் நஞ்சற்ற பாம்புகளைப் பிடித்துவந்து அதற்குப் போட வேண்டியதாயிற்று.

பிரேசிலின் சான் பவுலோவில் 1901-இல் நிறுவப்பட்ட புத்தாந்தான் நிறுவனம் இச்சிக்கலை வேறு வழியில் கடந்தது. அதன் இயக்குநர் வித்தால் பிரசில் உழவர்களோடு ஒரு பண்டமாற்றை ஏற்படுத்தினார். உழவர் பாம்பைப் பிடித்து மரப்பெட்டியில் இட்டுத் தொடர்வண்டியில் அனுப்புவார். நிறுவனம் பதிலுக்குச் சீரக்குப்பியை அனுப்பும். சிறையில் பாம்பு நெடுநாள் தங்காது என்பதைச் சிக்கலாகப் பார்ப்பதை விட்டு, தொடர்ந்து புதுப் பாம்பு வரும்படி செய்வதே அதன் தீர்வு. நஞ்சு ஆய்வின் வரலாற்றை எழுதுவோர் குதிரைகளையும் குப்பிகளையும் நிறையவே பேசுகின்றனர். அந்நிறுவனங்களின் அமைப்பைப் பெரிதும் தீர்மானித்த பாம்பின் வயிற்றைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

இந்தியாவில் இச்சிக்கலுக்குக் கிடைத்த விடை சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. செங்கல்பட்டு வட்டார இருளர்கள் பல தலைமுறையாகப் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர்கள். 20-ஆம் நூற்றாண்டில் பாம்புத்தோல் வணிகம் பெருகியபோது அவர்களது திறன் தோல் பதனிடும் தொழிலுக்குப் பயன்பட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது அந்த வருவாய் நின்றது. 1972-இல் கிண்டியில் நிலைபெற்ற பாம்புப் பண்ணையை நடத்திய ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர் தலைவர்களும் சேர்ந்து முயன்றதன் பயனாக 1978-இல் இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கும் இச்சங்கம் நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சேகரிக்கிறது.

சங்கத்தின் நடைமுறை எளியது. பிடித்துவந்த பாம்பு துணியால் வாய்கட்டிய மண்பானைக்குள் வைக்கப்படும். ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுக்கப்படும். மூன்று, நான்கு வாரங்களில் பாம்பு மீண்டும் காட்டில் விடப்படும். விடுமுன் அடிவயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டு. அது சில முறை சட்டை உரித்ததும் மறைந்துபோகும். அடையாளம் தெரியும்வரை அதே பாம்பை மீண்டும் பிடிப்பதில்லை. இந்தக் கால அளவைக் கவனிக்க வேண்டும். நலமான ஒரு பாம்பு தளர்ச்சியின்றி இரையில்லாமல் இருக்கக்கூடிய காலத்தைவிட இது மிகக் குறைவு. பாம்பை உண்ண வைப்பது எப்படி என்னும் கேள்வியையே எழவிடாத ஏற்பாடு இது. பாஸ்டர் நிறுவனத்தின் குழாய்க்கும் புத்தாந்தானின் தொடர்வண்டிக்கும் மாற்றாக வடநெம்மேலியில் மண்பானை நின்றது.

பானைக்குப் பின்னால் இருந்தது வெறும் கைத்திறன் அன்று. மண்ணில் விழுந்த தடத்தைக் கொண்டு பாம்பின் இனத்தையும், எச்சத்தைக் கொண்டு அது எடுத்த இரையையும் சொல்லும் அறிவு அது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பாம்பு எவ்வாறு இத்தனை நாள் உண்ணாமல் இருக்கிறது என்பதற்கான விடை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவடைந்தது. முதல் திறவுகோல் வெப்பம். ரேமண்ட் கௌல்ஸும் சார்லஸ் போகர்ட்டும் 1944-இல் வெளியிட்ட ஆய்வு, ஊர்வன வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்து தம் உடல்வெப்பத்தைத் தாமே சீராக்கிக்கொள்கின்றன என்று காட்டிற்று. போதிய வெப்பமில்லாத இடத்தில் பாம்பின் வயிற்றில் செரிமானம் நடவாது. விழுங்கிய இரை உள்ளேயே அழுகும். எனவே குளிரில் இரை எடுக்க மறுக்கும் பாம்பு பிடிவாதம் பிடிக்கவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது.

இரண்டாவது திறவுகோல் குடல். ஸ்டீபன் சீகரும் ஜாரெட் டயமண்டும் 1990-களில் பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தபோது, இரை இல்லாத காலத்தில் அதன் குடல் சுருங்கி ஓய்ந்துவிடுவதையும், இரை எடுத்த ஓரிரு நாளில் ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகுவதையும் கண்டனர். 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இரை எடுத்த 48 மணி நேரத்தில் அப்பாம்பின் இதயத் தசை 40 விழுக்காடு பெருப்பதைக் காட்டிற்று. பாம்புக்கு ஒரு வேளை உணவு என்பது உடலையே மறுபடி கட்டி எழுப்பும் வேலை. 2007-இல் மார்ஷல் மெக்கியூ மூவகைப் பாம்புகளை ஏறத்தாழ ஆறு மாதம் இரையின்றி வைத்து அளந்தார். அவை தம் ஓய்வுநிலை ஆற்றல் செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன. அந்நிலையிலும் நீளத்தில் வளர்ந்தன. அமரகோசத்தின் பவனாசனனுக்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடைப்பது அரிது.

மூன்றாவது திறவுகோல் மணம். கார்டன் பர்கார்ட் 1960-களில், பிறந்ததிலிருந்து எதையும் உண்டிராத பாம்புக்குட்டிகளின் முன் பல்வேறு இரைகளின் சாறு தோய்ந்த பஞ்சை நீட்டினார். ஒவ்வோர் இனத்துக் குட்டியும் தன் இனத்தின் இயல்பான இரையின் மணத்துக்கே மிகுதியாக நாக்கை நீட்டிற்று. பிளவுண்ட நாக்கு காற்றிலிருந்து திரட்டும் மணத்துகள்களை மேலண்ணத்தில் உள்ள யாக்கப்சன் உறுப்பு ஆராய்ந்து சொல்கிறது. இரை எது என்னும் அறிவு கற்பிக்கப்படாமலே குட்டியிடம் இருக்கிறது. கலிபோர்னியாவில் வாழும் ஒரே இனப் பாம்பின் இரு வட்டாரக் குழுக்களை ஸ்டீவன் ஆர்னால்டு ஒப்பிட்டார். கடற்கரைக் குட்டிகள் ஓடில்லா நத்தையை உடனே விழுங்கின. அந்நத்தை இல்லாத உள்நாட்டில் பிறந்த குட்டிகள் அதைச் சீண்டவில்லை. ஒரே மொழி வட்டாரந்தோறும் மாறுவது போல ஒரே இனத்தின் பசியும் நிலத்துக்கு நிலம் மாறுகிறது.

இம்மூன்றும் தெரிந்தபின் பாம்பு பேணுவோரின் கலை மாறிற்று. தொண்டைக்குள் தள்ளும் குழாய் கடைசி வழியாயிற்று. வற்புறுத்தி இறக்கிய இரையைப் பாம்பு பெரும்பாலும் கக்கிவிடும் என்பதும், அந்த அதிர்ச்சியே அதைக் கொல்லக்கூடும் என்பதும் உணரப்பட்டன. இப்போது முதலில் கேட்கப்படுவது பாம்பின் நிலை: சட்டை உரிக்கப் போகிறதா, கண் பால்போல் மங்கியிருக்கிறதா, வாயில் புண் உண்டா, வயிற்றில் புழு உண்டா? அடுத்துக் கேட்கப்படுவது இடத்தின் நிலை. ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை தணிந்தும் இருக்க வேண்டும். உடல் உரசிக்கொண்டு ஒளியும்படி இறுக்கமான மறைவிடம் வேண்டும். நாளும் கையில் எடுத்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். இவையெல்லாம் சரியான பிறகே இரை. அது சிறிதாகவும், உயிருள்ள விலங்கின் வெம்மையோடும், இரவிலும் வைக்கப்படும். வைத்தவர் விலகிப் போய்விட வேண்டும்.

இக்கலையின் கடினமான பாடம் ராஜநாகம். அதன் பேரினப் பெயரான ஓபியோபேகஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் ‘பாம்புண்ணி’ என்று பொருள். தியோடர் காண்டர் 1836-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இப்பாம்பு நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டது. பி. கௌரி சங்கரும் உடனாய்வாளர்களும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு அதை நான்கு இனங்களாகப் பிரித்தது. மேற்குத் தொடர்ச்சி மலை ராஜநாகத்துக்கு இடப்பட்ட பெயர் ஓபியோபேகஸ் காளிங்கா. கருநாடக மலைநாட்டு மக்கள் அதைக் ‘காளிங்க சர்ப்பம்’ என்றே அழைத்து வந்தனர். கிரேக்கமும் கன்னடமும் கைகோத்த இப்பெயரில் ஒரு பாதி அதன் உணவையும் மறுபாதி அதன் ஊரையும் சொல்கிறது. காட்டில் சாரையையும் விரியனையும் நாகத்தையும் இரையாகக் கொள்ளும் இப்பாம்பு எலியைக் கண்டால் இரையென்றே அறிவதில்லை. விலங்குக்காட்சிச்சாலைகள் கண்ட வழி மணமாற்றம். சாரையின் உடலிலோ அது உரித்த சட்டையிலோ தேய்த்த எலியை முதலில் வைப்பர். அதை எடுக்கத் தொடங்கியதும், மாதக்கணக்கில் சிறிது சிறிதாகச் சாரையின் மணத்தைக் குறைத்துக்கொண்டே வருவர். ஒருநாள் வெறும் எலியே போதுமானதாகிவிடும். சில பாம்புகள் கடைசிவரை ஏமாறுவதில்லை.

2023 செப்டம்பர் 6-ஆம் நாள் இரவு, பெங்களூர் கெம்பேகௌடா பன்னாட்டு விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த விமானத்தின் சில பெட்டிகள் எடுப்பாரின்றிக் கிடந்தன. சுங்கத்துறையினர் திறந்தபோது உள்ளே 78 விலங்குகள் இருந்தன: 55 பந்து மலைப்பாம்புகள், 17 ராஜநாகங்கள், 6 கபுச்சின் குரங்குகள். குரங்குகள் ஆறும் இறந்திருந்தன, பாம்புகள் உயிரோடிருந்தன. அதற்கு முந்திய மாதம் அதே விமான நிலையத்தில் 234 விலங்குகள் பிடிபட்டிருந்தன. 2024 ஏப்ரலில் ஒரு பயணியின் பெட்டியில் 10 மஞ்சள் அனகோண்டாக்கள் கண்டெடுக்கப்பட்டன. இந்தப் பாம்புகள் பெட்டிக்குள் பிழைத்ததற்கும், வடநெம்மேலிப் பானையில் அவற்றின் உறவினங்கள் பிழைப்பதற்கும் காரணம் ஒன்றே. உண்ணாமல் தாங்கும் உடலே பாம்பைக் கடத்தலுக்கு ஏற்ற பண்டமாக்கிற்று.

பந்து மலைப்பாம்பின் ஆங்கிலப் பெயரான ‘பால் பைத்தான்’ தமிழ் எழுத்தில் ஒரு சுவையான மயக்கத்தைத் தருகிறது. அப்பாம்புக்கும் பாலுக்கும் உறவில்லை. அஞ்சினால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது. கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து உலகச் சந்தைக்குப் போன இப்பாம்பு, வளர்ப்போரிடையே இரண்டு செய்திகளுக்குப் பேர்போனது: சாதுவானது, மாதக்கணக்கில் இரை எடுக்க மறுப்பது. காட்டில் ஆப்பிரிக்கச் சிற்றெலி வகைகளையே கண்டு வளர்ந்தது வெள்ளெலியை இரையென்று அறிவதில்லை. இனப்பெருக்கப் பருவத்தில் நலமான பாம்புகளும் உண்ணா நிலையில் இருப்பதுண்டு. அதோடு இடமும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கும். வெப்பமூட்டாத ஓர் அடுக்ககக் கண்ணாடிப்பெட்டியில் அந்த ஆப்பிரிக்கப் பாம்பு இரையைத் தொடாமல் கிடந்தால், அதில் வியப்புக்கு இடமில்லை.

சட்டம் இங்கே இரண்டு வகைப் பாம்புகளை இரு வேறாகப் பார்க்கிறது. இந்தியாவின் இயற்கையில் வாழும் பாம்பை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தரவில்லை. அயல்நாட்டு விலங்கினங்களை வைத்திருப்போர் தாமாக முன்வந்து அறிவிக்கும் வாய்ப்பை நடுவண் அமைச்சகம் 2020-இல் அளித்தது. 2022-இல் திருத்தப்பட்ட சட்டமும் 2024-இல் வந்த விதிகளும், பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின. பதிவேட்டில் பாம்பின் இனம் இருக்கும், எண்ணிக்கை இருக்கும். அது கடைசியாக இரை எடுத்த நாள் இருக்காது. வளர்ப்பவரின் அறிவையும் பொறுப்பையும் அளக்க அந்த ஒரு நாளைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை.

வளர்ப்புப் பாம்பின் பட்டினி ஒரு வீட்டுக்குள் முடியும் துயரம். ஆய்வகப் பாம்பின் பட்டினி அப்படியன்று. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாட்டில் உற்பத்தியாகும் எதிர்நஞ்சு மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி நெடுங்காலமாக வடநெம்மேலிச் சங்கத்திலிருந்தே சென்றது. தமிழ்நாட்டின் ஒரு வட்டாரத்து நஞ்சைக் கொண்டு ஆக்கிய மருந்து நாடு முழுவதற்கும் பயன்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனாகரின் ஆய்வகம் 2019 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள் இதன் குறையைக் காட்டின. ஒரே இனப் பாம்பின் நஞ்சே வட்டாரந்தோறும் வேறுபடுகிறது. வழக்கமான மருந்து பட்டியலில் இல்லாத இனங்களின் கடிக்கும், சில தொலைவட்டாரப் பாம்புகளின் கடிக்கும் போதிய பயன் தருவதில்லை. ஓரினத்தின் நஞ்சுக்கு ஆக்கிய சீரம் மற்றோர் இனத்தின் நஞ்சை முறிக்காது என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயில் ஜார்ஜ் லாம்ப் கால்மெத்துக்கு எதிராக நிறுவிய உண்மையின் நீட்சியே இது.

பிழை இருளரின் திறனில் இல்லை. ஒரு மாவட்டத்துப் பானைகளிடம் ஒரு துணைக்கண்டத்தின் மருந்தைக் கேட்டதே பிழை. தீர்வு வட்டாரந்தோறும் பாம்பகம் அமைப்பது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களும், பிறப்பிடம் பதிவான பாம்புகளை நீண்டகாலம் பேணி அவற்றிடமிருந்து நஞ்சு எடுப்பதையே பரிந்துரைக்கின்றன. நான்கு வாரம் என்னும் எல்லை நான்கு ஆண்டுகளாக நீளும் இடத்தில், மண்பானை தள்ளிவைத்திருந்த பழைய கேள்வி மீண்டும் எழுகிறது. கட்டுவிரியன் காட்டில் பெரும்பாலும் பிற பாம்புகளையே உண்பது. அதை எலிக்குப் பழக்க வேண்டும். சுருட்டை விரியன் தேளும் பூரானும் பல்லியும் உண்பது. இவை ஒவ்வொன்றும் தன் நிலத்தின் இரையை அறிந்து பிறந்தவை. வட்டார நஞ்சு வேண்டுமெனில் வட்டாரப் பசியையும் அறிந்தாக வேண்டும்.

பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக 2024 பிப்ரவரியில் கருநாடகம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. இனி ஒவ்வொரு கடியும் எண்ணப்படும். எண்ணிக்கைக்கு ஏற்ற மருந்து வருவது, ஏதோ ஓர் ஆய்வகத்தின் இளஞ்சூடான அறையில் ஒரு கட்டுவிரியன் தன் முன் வைக்கப்பட்ட எலியைத் தானாக எடுக்குமா என்பதையும் பொறுத்திருக்கிறது. பாலும் குழாயும் கழியும் செய்து பார்த்துவிட்டன. மனிதர் செய்யக்கூடியது வெப்பத்தையும் இருளையும் மணத்தையும் சரிசெய்து, இரையை வைத்து, விலகி நிற்பது. அதற்குமேல் உள்ள வினை, தமிழ் வழக்கு சொல்வது போல, பாம்பினுடையது.